எந்தக் கை தைத்தது?

பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்கையில் பரண் ஏறும் பொறுப்பு எப்போதும் நம்மைச் சேர்ந்தது. உடைந்த அரிக்கன் விளக்கு, ஓட்டைக் குடம், எவரும் புரட்டாத பழைய பஞ்சாங்கம் ஆகியவற்றை இறக்கி, தூசு தட்டி, மீண்டும் அங்கேயே ஏற்றி வைப்பதற்குத்தான் துப்புரவு என்று பெயர்! சென்ற ஆண்டு அவ்வாறு ஏறியபோது, மூலையில், கரையானின் கண்ணுக்குத் தப்பிய ஒரு கோணி கிடந்தது. கட்டை அவிழ்த்தோம். உள்ளே துணி. கையகலத் துணி, விரலகலத் துணி, பிறை வடிவில், ஆப்பு வடிவில், வட்டமாய், வாலாய்… தந்தையாரின் கடையில் மீந்த வெட்டுத் துணிகள்.

தந்தையார் தையற்காரர். ஈரோட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில், பேருந்து நிறுத்தத்திற்கு எதிரே, ஒரு மிதி இயந்திரமும் ஒரு மேசையும் ஒரு முக்காலியுமே அவருடைய கடை. அவர் மறைந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. இயந்திரம் மருத்துவச் செலவுக்குப் போயிற்று. அவர் உடுத்திய வேட்டி, சட்டை, தோளில் கிடந்த துண்டு, தலையணை உறை வரை அனைத்தும் கருமாதியன்று காவிரிக்குப் போயின. “செத்தவர் துணி வீட்டில் தங்கலாகாது” என்றனர் பெரியவர்கள். நமக்கு அப்போது வயது பதினேழு. கரையில் நின்று, நீல நிறச் சட்டை ஒன்று காற்றை நிரப்பிக்கொண்டு சற்றுத் தூரம் மிதந்து செல்வதைப் பார்த்தோம். தடுக்க வேண்டும் என்று தோன்றியது. தடுக்கத் துணிவு வரவில்லை.

கோணி மட்டும் தப்பிற்று. ஏனெனில் அது ‘அவர் துணி’ அல்லவாம். ஊரார் துணியின் மீதியாம்! சாத்திரம் வகுத்தவர்களுக்கும் கண் தப்பும் இடம் ஒன்று உண்டு போலும்.

அந்தக் கோணிக்குள் ஓர் ஊரே இருந்தது. பள்ளிச் சீருடையின் நீலமும் காக்கியும். ரவிக்கைத் துணிகள், பூப்போட்டவையும் புள்ளியிட்டவையும். மாப்பிள்ளைச் சட்டைக்கு வெட்டிய பளபளப்புத் துணியின் ஓரம். தேர்தல் காலத்தில் தந்தையார் எல்லாக் கட்சிக்கும் கொடி தைப்பார்; கூலி கொடுத்தால் கொள்கை கேட்க மாட்டார். ஆகவே மேடையில் ஒருவரையொருவர் வாயால் வெட்டிக்கொண்டவர்களின் கொடித் துணியெல்லாம் கத்தரியால் வெட்டுண்டு, ஒரே கோணியில், கேட்பாரற்ற கூட்டணியாய்க் கிடந்தன! சில துண்டுகளை நூலால் கட்டி, வாடிக்கையாளர் பெயரைத் தாளில் எழிதிச் சொருகியிருந்தார். மீதித் துணியைத் திருப்பிக் கொடுப்பது அவர் வழக்கம். வாங்க வராதவர்களுடையது மட்டும் கோணிக்குப் போகும்.

அத்துண்டுகளின் வடிவத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறை வடிவம் என்றோமே, அது கைக்குழி வெட்டியதில் விழுந்தது. வட்டம் கழுத்தில் விழுந்தது. ஆப்பு, இடுப்பைக் குறுக்கியதில் விழுந்தது. ஊரார் உடலுக்கு எது வேண்டாவோ அதுவே இங்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களுள் மேலத் தெருக்காரரும் இருந்தனர், காலனிக்காரரும் இருந்தனர். அளவெடுக்கும் நாடா ஒன்றுதான். எவர் இடுப்பும் அங்குலத்தில்தான் அடங்கிற்று. துண்டுகளைப் பார்த்து எது எந்தத் தெரு என்று சொல்ல எவராலும் இயலாது. நாம் முயன்றோம், இயலவில்லை.

அக்காள் அப்போது மூன்று மாதம். ஆடியில் குழந்தை என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். ஆடிக் காற்றை அறியாதவர்க்குச் சொல்ல வேண்டும்: பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து, கொங்கு நாடு முழுவதும் கதவை அறைந்து, ஓட்டைத் தூக்கி, கண்ணில் மண்ணள்ளிப் போடும் காற்று அது. பிறந்த சிசுவுக்கு ஒரு போர்வை வேண்டும். இதோ, தாத்தன் விட்டுச்சென்ற துணி இருக்கிறது. ஒட்டுத் தைத்து ஒரு போர்வை செய்வோம் என்றோம்.

அன்னையின் முகம் மலர்ந்தது, மறுகணமே வாடிற்று. “நீயே தெச்சுக்க கண்ணு. என் கை படக்கூடாது” என்றார்.

நம் அன்னை அவ்வூரில் ஊசிக்குப் பெயர் பெற்றவர். கடைக்கு வரும் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பதும் ஓரம் அடிப்பதும் அவர் வேலை. தந்தையாரின் இயந்திரம் ஓடிய வேகத்திற்கு ஈடாக அவர் கை ஓடும். அக்கை பேரக்குழந்தையின் போர்வையைத் தொடக்கூடாதாம். காரணம்? கணவனை இழந்த கை!

தோழர்களே, நாம் வெட்கத்தோடு ஒன்றைக் கூற வேண்டும். தந்தையார் மறைந்தபோது அன்னைக்கு வெள்ளைப் புடவை கொடுக்க வந்தவர்களை அக்காள் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். அதனை நம் வீட்டின் புரட்சியாக நாம் பலரிடம் பேசியதுண்டு, கல்லூரிப் பேச்சுப் போட்டியில்கூடப் பேசினோம், பரிசும் பெற்றோம். கைம்பெண் மறுமணத்திற்குச் சட்டம் வந்தது 1856இல் என்றும், வெள்ளைச் சேலை விலங்கு என்றும் முழங்கினோம். ஆனால் வெள்ளைச் சேலை வராத வீட்டில், அன்னை சாம்பல் நிறமும் மங்கிய பச்சையும் மட்டுமே உடுத்தி வந்ததைக் கவனித்தோமா? மங்கல நிகழ்ச்சிகளில் தாமாகவே பின்வரிசைக்குப் போய்விடுவதைக் கவனித்தோமா? விலங்கை வாசலில் தடுத்தோம். அது எப்போதோ உள்ளே வந்து உட்கார்ந்திருந்ததைக் காணவில்லை.

வாதிட்டோம். வாதிடாமல் இருப்போமா? “பேறுகாலம் பார்க்கப்போவது யார் கை? காலில் கிடத்திக் குளிப்பாட்டப்போவது யார் கை? மருந்து உரைத்து ஊட்டப்போவது யார் கை? இத்தனைக்கும் ஆகும் கை, ஒரு முழத் துணியைத் தொட ஆகாதா?” என்றோம். மேடையாயிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அன்னை முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே, “அது வேலை கண்ணு. இது சீரு” என்றார். வேலைக்கு ஆகும் கை, சீருக்கு ஆகாது! நூறு பக்க நூலில் எழுதினாலும் இவ்வளவு தெளிவாக எவரும் இந்த அநீதியை எழுதிவிட முடியாது. ஆனால் அவர் அதனை அநீதியாகச் சொல்லவில்லை, நடைமுறையாகச் சொன்னார்.

ஆகவே நாமே தைக்கத் துணிந்தோம். அவர் இரண்டு முழம் தள்ளி நிலைப்படியில் அமர்ந்து வாயால் சொல்வார். நாம் கையால் செய்வோம். இதுவே ஒப்பந்தம்.

முதல் வேலை, பருத்தியைப் பிரிப்பது. செயற்கை இழைத் துணி வியர்வையை உறிஞ்சாது. சிசுவின் மேனிக்கு ஆகாது. பார்வையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். அன்னை சொன்ன வழி: ஒவ்வொரு துண்டிலும் ஓர் இழையை உருவித் தீயில் காட்டு. காகிதம் போல் மணத்து, எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானால் பருத்தி. சுருங்கி உருகி, கருமணியாய்க் கெட்டிப்பட்டால் அது வேறு. மாணவர்க்கு இழைகளைப் பற்றிப் பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியர் இதனையே செய்து காட்டுவார். அன்னை படித்தது ஐந்தாம் வகுப்பு. கோணியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று. மாப்பிள்ளைச் சட்டைதான் முதலில் உருகியது.

அடுத்து, சாயம். சிவப்பும் கறுப்பும் நீலமும் ஒவ்வொன்றாய் வெந்நீரில் ஊறின. கொடித் துணிகளில் சில, நீரில் இட்ட மாத்திரத்தில் தம் நிறத்தையெல்லாம் கொட்டிவிட்டு வெளிறி நின்றன. எந்தக் கட்சிக் கொடி என்று கேட்காதீர்கள்! தேர்தல் முடியும் வரை நிறம் நின்றால் போதும் என்று வாங்கப்பட்ட துணி. அதற்கு மேல் எதிர்பார்ப்பது தவறு. சாயம் போகாதவற்றை மட்டும் எடுத்தோம்.

பிறகு வெட்டுதல். இங்கேதான் கலைப் பட்டம் பெற்றவரின் கணக்கு அம்பலமாயிற்று. போர்வை நீளத்தில் 45 அங்குலம், அகலத்தில் 36 அங்குலம் என்று வைத்தோம். நாலரை அங்குலச் சதுரங்கள் நீளவாட்டில் பத்து, அகலவாட்டில் எட்டு, ஆக 80. நாலரை அங்குல அட்டை ஒன்றை வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, மளமளவென்று 23 துண்டுகளை வெட்டித் தள்ளினோம். நிலைப்படியிலிருந்து ஒரு குரல்: “தையலுக்கு எடம் உட்டியா?” விடவில்லை! இரண்டு துண்டை இணைக்கும்போது ஒவ்வொன்றின் ஓரத்திலும் கால் அங்குலம் உள்ளே போய்விடும். நான்கு புறமும் அவ்வாறு போனால் நாலரை, நான்காகும். ஐந்து அங்குலம் வெட்டியிருக்க வேண்டும். வீணான 23இல் நல்ல காக்கித் துண்டுகள் ஆறு. தந்தையார் மட்டும் இருந்திருந்தால் அளவு நாடா நம் முதுகை அளந்திருக்கும்.

இன்னொன்றும் கற்றோம். துணியில் நெடுக ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் உண்டு. அவ்விரண்டின் வழியே வெட்டிய துண்டு அடங்கி நிற்கும். மூலைவாட்டில் வெட்டிய துண்டோ இழுத்த பக்கமெல்லாம் நீளும்; அதனோடு சேர்ந்த நல்ல துண்டையும் கோணலாக்கும். கைக்குழியில் விழுந்த பிறைத் துண்டுகளில் சதுரம் எடுப்பது இதனாலேயே கடினம். கண்ணுக்கு அழகாயிருக்கிறதே என்று மூலைவாட்டில் வெட்டிய பூப்போட்ட ரவிக்கைத் துண்டு ஒன்று, மூன்றாம் வரிசையை இன்றும் வளைத்துக்கொண்டிருக்கிறது.

மாசியிலும் பங்குனியிலும், பள்ளி விட்டு வந்ததும் திண்ணையில் அமர்ந்து துண்டோடு துண்டை இணைத்தோம். தெருவில் போவோர் நின்று பார்ப்பர். “வாத்தியாருக்குப் பொண்ணு கெடைக்காமப் பொம்பளை வேலையெல்லாம் கத்துக்கறாரு” என்றார் ஒருவர். நகைக்கத்தக்க செய்தி யாதெனில், அவர் அணிந்திருந்த சட்டை ஓர் ஆண் தைத்தது. அவர் தந்தையின் சட்டையும் ஓர் ஆண் தைத்தது. இருவருக்கும் தைத்தவர் நம் தந்தையார்! கூலிக்கு ஊசி பிடித்தால் ஆண் வேலை; குழந்தைக்கு ஊசி பிடித்தால் பெண் வேலை. கூலி வரும் இடத்தில் எந்த வேலையும் ஆணுக்கு இழிவாவதில்லை.

வேலை சலித்த ஓர் இரவு, பிறர் இதனை எவ்வாறு செய்தனர் என்று தேடிப் படிக்கலானோம். அப்போதுதான் கீஸ் பெண்ட் நம் கண்ணில் பட்டது. அமெரிக்க நாட்டு அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து மூன்று புறமும் சூழ்ந்தோடும் ஓர் ஊர் அது. 1816இல் ஜோசப் கீ என்பவன் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தான். 1845இல் தோட்டம் மார்க் பெட்வே என்பவன் கைக்கு மாறிற்று. மண்ணோடு மரத்தோடு மனிதரும் கைமாறினர். அடிமை முறை ஒழிந்த பின்னும் பெட்வே என்ற எசமானின் பெயர் அம்மக்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. 1932இல் கடன்காரர்கள் வந்து கருவியும் கால்நடையும் உணவும் வாரிச் சென்றனர். 1962இல், கறுப்பின மக்கள் வாக்குரிமை கோரிய காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. படகு மீண்டும் ஓடியது 2006இல்! ஓட்டுக் கேட்டவனுக்கு ஓடத்தை மறுத்த நாகரிகம் அது.

அவ்வூர்ப் பெண்கள், காற்றுப் புகும் மரக் குடிசைகளில் குழந்தைகள் விறைத்துப் போகாதிருக்க, கிழிந்த உழைப்பாடையையும் மாவுச் சாக்கையும் வெட்டிப் போர்வை தைத்தனர். பருத்தி அரைவை ஆலையின் தரையில் கூட்டிய பஞ்சை உள்ளே அடைத்தனர். 1966இல் அவர்களும் அண்டை ஊர்ப் பெண்களும் சேர்ந்து ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, போர்வை விற்று வாழ்ந்தனர். 2002இல் அப்போர்வைகள் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தின் சுவர்களில் தொங்கின. அதே ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திற்கும் சென்றன. குளிருக்குத் தைத்ததை ஓவியம் என்று உலகம் வியந்தது.

அவற்றுள் ஒரு போர்வை நம்மை உறங்கவிடவில்லை. 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி தைத்தது. அவர் கணவர் இறந்துபோனார். அவர் வயலில் உடுத்திய கால்சட்டைகளையும் சட்டைகளையும் அவள் எடுத்தாள். பதினேழு பதினெட்டு வயது மகள் அர்லோன்சியா கூட இருந்து உதவ, அத்துணிகளைக் கிழித்துப் போர்வையாக்கினாள். அவரை மறவாதிருக்கவும், அந்த அன்பைப் போர்த்துக்கொண்டு படுக்கவும் தாய் அதனைச் செய்தார் என்று மகள் பிற்காலத்தில் கூறினார். படத்தில் பார்த்தோம்: வெயிலில் வெளிறிய நீலமும் சாம்பலும், உழைத்துத் தேய்ந்த துணியின் தழும்புகளும்.

பதினேழு வயதில் அந்த மகள் தந்தையின் துணியைக் கையில் எடுத்தாள். பதினேழு வயதில் நாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அன்னையிடம் படத்தைக் காட்டிக் கதையைச் சொன்னோம். நெடுநேரம் பார்த்தார். “அந்தத் துணிய ஆத்துல போடச் சொல்லி ஆரும் சொல்லலையா?” என்று கேட்டார். “சொல்லவில்லை அம்மா” என்றோம். “அங்கயும் ஆறு இருக்குதுன்னியே” என்றார். அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விட்டார்.

இவ்விடத்தில் நம் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். போர்வைகளைப் பற்றிப் படித்த மயக்கத்தில், வகுப்பில் ஒரு கதை சொன்னோம்: அமெரிக்காவில் தப்பியோடிய அடிமைகளுக்கு வழிகாட்ட, வேலியில் போர்வைகளைத் தொங்கவிடுவர், ஒவ்வொரு கோலத்திற்கும் ஒரு மறைபொருள் உண்டு, ஒன்று ‘ஆயத்தமாகு’ என்னும், இன்னொன்று ‘புறப்படு’ என்னும். வகுப்பு வாய் பிளந்து கேட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “ராத்திரியில் ஓடறவங்களுக்கு, வேலியில் தொங்குற போர்வையில் இருக்கிற கோலம் எப்படிங்க சார் தெரியும்?” என்றாள். திகைத்தோம். மாலையில் தேடினோம். 1999இல் வந்த நூல் ஒன்றின் வாயிலாக இக்கதை பரவியது என்றும், அதற்குச் சான்று இல்லையென வரலாற்றாசிரியர் பலர் மறுத்துள்ளனர் என்றும் கண்டோம். மறுநாள் வகுப்பில் நம் கூற்றைத் திரும்பப் பெற்றோம். ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் கதையாயிற்றே என்று நாம் சோதிக்கவில்லை. இழையைத் தீயில் காட்டிய கை, கதையைக் காட்ட மறந்துவிட்டது.

புத்தர் பெருமானின் துறவியர் உடுத்திய ஆடையைப் பற்றிய செய்தியோ பழைய நூலிலேயே உள்ளது. குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியைப் பொறுக்கி, துவைத்து, சாயமேற்றி, துண்டு துண்டாய் இணைத்து அவர்கள் உடுத்தினர். வரப்பிட்ட மகத நாட்டு வயல்களைக் காட்டி, அவ்வாறே ஆடையை வெட்டித் தைக்க இயலுமா என்று ஆனந்தரிடம் புத்தர் கேட்டதாக விநய நூல் கூறும். பிணத்தின் மேல் கிடந்த துணி, துவைத்தால் துணிதான். இதனையும் அன்னைக்குச் சொன்னோம். “அவிங்க சாமியாருங்க” என்று ஒரே சொல்லில் புத்தரை வெளியே நிறுத்திவிட்டார்.

சித்திரை பிறந்தது, கோடை விடுமுறையும் வந்தது. மேற்புறம் முடிந்தது. உள்ளே வைக்க நம் பழைய வேட்டிகள் இரண்டு. நூறு முறை துவைத்த வேட்டியைவிட மென்மையானது கடையில் கிடைக்காது. பிறந்த குழந்தைக்குப் பழந்துணியே உடுத்த வேண்டும் என்ற வழக்கம் இம்மென்மையை அறிந்து வந்ததாக இருக்கலாம்; அதன்மேல் கண்ணேறு என்று யாரோ பின்னால் பூசிவிட்டிருக்கலாம். அடிப்புறத்திற்கு ஈரோட்டுச் சந்தையில் காடாத் துணி வாங்கினோம். மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் நீவி, நடுவிலிருந்து வெளிப்புறமாக நீண்ட தையலிட்டுத் தற்காலிகமாகப் பிணைத்தோம். இனி மூன்று அடுக்கையும் ஊடுருவி, நெருங்கிய ஓட்டுத் தையலால் வரிவரியாய்த் தைக்க வேண்டும். போர்வையின் உயிரே இவ்வரிகள்தாம். இவை தளர்ந்தால் உள்ளிருக்கும் துணி உருண்டு ஒரு மூலையில் சேரும்.

ஐந்து வரி தைத்தோம். விரலுறை இல்லாத விரலில் ஊசியின் முட்டு பதிந்து கன்றிப்போயிற்று. ஒரு தையல் கட்டெறும்பளவு; அடுத்தது கரப்பானளவு. மேலே நேராய்ச் செல்வது போலிருக்கும். திருப்பினால் அடிப்புறத்தில் குடிகாரன் நடந்த தடம்! ஆறாம் வரியின் நடுவில், அன்னை நிலைப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அதற்கு முன்பும் பார்த்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இம்முறை எழுந்து வந்தார். அடிப்புறத்தைத் திருப்பி, தளர்ந்து நின்ற ஒரு நூலுக்குள் தம் சுண்டுவிரலை நுழைத்தார். விரல் நுழைந்தது!

“ஏங்கண்ணு… பாப்பா வெரலு மாட்டிக்குமே! நூலு சுத்துனா வெரலு வீங்கிப்போயிருமே!”

போர்வையை நம் மடியிலிருந்து பிடுங்கினார். ஊசி முனையால் ஆறு வரியையும் பிரித்தெறிந்தார். ஊசியில் புது நூல் கோத்தார். ஒரு நாழிகையில் இரண்டு வரி முடித்தார். நாம் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். நம் வாதம் நான்கு மாதமாய்ச் செய்ய முடியாததை நம் கோணல் தையல் செய்தது.

நடுவில் நிறுத்தினார். தம் கையைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். எழுந்து உள்ளே சென்றார். தீர்ந்தது, இனித் தொடமாட்டார் என்றே எண்ணினோம். திரும்பியபோது கையில் ஒரு புடவை இருந்தது. அரக்கு நிறப் பருத்திப் புடவை. தந்தையார் கடைசியாய் வாங்கித் தந்தது. ஒரே ஒரு தீபாவளிக்கு உடுத்தியது. ஒன்பது ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்தது. “காடாத் துணி மொறமொறன்னு இருக்குது. குழந்தைக்கு உறுத்தும். இதப் பின்னால வெச்சுக்கலாம்” என்றார். கத்தரியை எடுத்து, கண் இமைக்காமல், முந்தானையோரமாய் வெட்டினார். அந்த ஓசை இன்னும் நம் காதில் இருக்கிறது. பிணைப்பையெல்லாம் பிரித்து, காடாவை நீக்கி, அரக்குப் புடவையை விரித்தோம். பிறகு அவர் ஒரு புறமிருந்தும் நாம் மறுபுறமிருந்தும் தைத்தோம். நம் வரிகள் சற்றே நெருங்கின. விரல் நுழையாத அளவுக்கு நெருங்கின. அழகுக்கு அவர் பொறுப்பு.

வளைகாப்பு அதே மாதத்தில் வந்தது. அன்னை பின்வரிசையில்தான் நின்றார். ஊசி பிடித்த கை வளையல் எடுக்க வரவில்லை. இழுத்தோம், உதறிவிட்டார். எல்லாரும் பார்த்தனர். அதற்கு மேல் அவரை நம் கொள்கைக்காக அவையில் நிறுத்துவது நம் உரிமையா என்ற ஐயம் எழுந்தது. விட்டுவிட்டோம். அது சரியா என்பதை இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

ஆடி முதல் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள், சம்பந்தியம்மாள் பேத்தியைப் பார்க்க வருவதாகச் செய்தி. முன்னிரவே அன்னை நம்மை அழைத்து, “போர்வையப் பத்திக் கேட்டா, நீயே தெச்சேன்னு சொல்லிப்போடு” என்றார். மறுத்தோம். “அவ அங்க போய் வாழோணும் சாமி” என்றார். பொய் சொல்வதில்லை என்று மார்தட்டும் பகுத்தறிவாளர்க்கு வந்த சோதனை!

சம்பந்தியம்மாள் வந்தார். குழந்தையைத் தூக்கினார். போர்வையின் ஓரத்தை விரலால் பிடித்துப் பார்த்தார். “ஆரு தம்பி தெச்சது?”

“நாங்க தெச்சோமுங்க” என்றோம்.

‘நாம்’ என்றே எழுதிப் பழகியவர்க்குப் பன்மைக்குள் ஒளிந்துகொள்வது எவ்வளவு எளிது பாருங்கள்! அந்த அம்மையாரும் ஊசி அறிந்தவர் போலும். போர்வையைத் திருப்பினார். அரக்குப் புடவையின் மேல் ஓடிய வரிகளைக் கட்டை விரலால் தடவினார். “இது வாத்தியாரு தெச்சது. இந்தப் பக்கம் வேற கையாட்டம் இருக்குது” என்றார். அறை அமைதியாயிற்று. சமையலறை வாசலில் அன்னை தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தார்.

“எங்கம்மா தெச்சதுங்க அத்தை” என்றார் அக்காள், படுக்கையிலிருந்தபடியே. “துணி எங்கப்பா கடையுது.”

வெளியே காற்று ஒரு கதவை அறைந்தது. சம்பந்தியம்மாள் போர்வையை மடித்தார், மீண்டும் விரித்தார். “நல்லா ஒருக்கா அலசிப்போட்டு மூடுங்க. காத்து அடிக்குதல்ல” என்றார்.

அலசச் சொன்னது அழுக்குக்கா, தீட்டுக்கா? நாம் கேட்கத் துடித்தோம். அக்காள் கண்ணால் அடக்கினார். அன்னை எதையும் கேட்கவில்லை. அப்போதே எடுத்துச் சென்று அலசினார். ஆடிக் காற்றில் அரை நாழிகையில் காய்ந்தது. அன்று மாலை, சம்பந்தியம்மாள் இருக்கும்போதே, காக்கியும் நீலமும் கறுப்பும் சிவப்பும் மேலே, அரக்கு கீழே, குழந்தை அதற்குள் கிடந்தது. மூன்றாம் வரிசையின் கோணலை அந்த அம்மையார் கண்டுபிடித்துச் சிரித்தார். அதற்கு நாமே பொறுப்பு என்று ஒப்புக்கொண்டோம். அதில் பன்மை ஏதும் இல்லை.

கோணியில் பாதிக்கு மேல் இன்னும் மீதி இருக்கிறது. வெட்டிக் கெடுத்த அந்த 23 துண்டுகளையும் எறியவில்லை. நான்கு அங்குலச் சதுரமாய் வேறொரு போர்வைக்கு ஆகும் என்று அன்னை தனியே கட்டி வைத்திருக்கிறார். யாருக்கு என்று கேட்டோம். “குளுருது, எனக்குத்தான்” என்றார். நேற்று நாம் ஈரோட்டுக்குப் புறப்பட்டபோது வாசல் வரை வந்து, வெள்ளை நூல்கண்டு இரண்டும், முடிந்தால் அரக்கில் ஒன்றும் வாங்கி வரச் சொன்னார்.